பழைய காமிக்ஸ் வாங்கப் போறீங்களா? மார்க் போட்டுப் பாருங்க!



முப்பது வருடங்களுக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்று உங்களைப் போன்றவர்களின் விடைத்தாள்களுக்கு மார்க் போட்டவன் நான். பணி ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. இப்போது எதற்கு மார்க் போடுகிறேன் தெரியுமா? பழைய காமிக்ஸ் புத்தகங்களுக்கு!

சிரிக்காதீர்கள். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில், அரிசி மூட்டைக்குப் பின்னால், ஒரு தகரப் பெட்டியில் நாலைந்து பழைய காமிக்ஸ் இருக்கலாம். அவற்றைத் தேடி அலைகிறவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அன்று ஒன்றிரண்டு ரூபாய்க்கு விற்ற புத்தகத்தை இன்று சிலர் நூற்றுக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அரிய புத்தகம் என்றால் ஆயிரக்கணக்கில்கூடக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

நீங்களும் உண்டியல் காசைச் சேர்த்துப் பழைய காமிக்ஸ் வாங்க ஆசைப்படலாம். ஏமாறாமல் வாங்குவது எப்படி? வாருங்கள், இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எதைத் தேடுகிறார்கள்?

1972-ம் ஆண்டு ஜனவரியில் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவர ஆரம்பித்தது. அதன் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. விபத்தில் ஒரு கையை இழந்தவருக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மறைந்துவிடுவார்! அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1962-ல் இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்த கதை இது. நம் ஊர்ப் பிள்ளைகள் அவரைச் சொந்த மாமா மாதிரியே கொண்டாடினார்கள்.

1984 ஜூலையில் அதே சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' வந்தது. முதல் கதை 'கத்தி முனையில் மாடஸ்டி'. அதே 1984-ல் 'ராணி காமிக்ஸ்' தொடங்கி, 2005 வரை வெளிவந்தது. வாண்டுமாமா ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்', வேதாளர் கதைகளைத் தந்த 'இந்திரஜால் காமிக்ஸ்', 1947 ஜூலையில் பிறந்த 'அம்புலிமாமா' என்று பட்டியல் நீளும்.

இவையெல்லாம் அன்று படித்துவிட்டுத் தூக்கிப் போடும் புத்தகங்கள்தான். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சடித்தார்கள். ஒரு புத்தகம் இருபது பிள்ளைகளின் கை மாறும். பிறகு கடலை மடிக்கப் போய்விடும். எடைக்குப் போடுவார்கள். கரையானும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இத்தனையும் தாண்டி ஒரு புத்தகம் நல்லபடியாகப் பிழைத்திருந்தால் அது அதிசயம்தானே? அந்த அதிசயத்துக்குத்தான் இன்று விலை.

நான் செய்த தப்பு!

மார்க் போடுவது எப்படி என்று சொல்வதற்கு முன்னால், நான் வாங்கிய ஒரு பூஜ்யத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் ஊரில் காமிக்ஸ் விற்கும் கடை கிடையாது. என் வகுப்புத் தோழனுக்கு மட்டும் சேலத்திலிருந்து அவன் மாமா வாங்கி வருவார். அவன் அதை யாருக்கும் தரமாட்டான். எனக்கு மட்டும் இரண்டு நாள் தவணையில் ஓர் இரும்புக்கை மாயாவி கதையைக் கொடுத்தான்.

ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில், ஒரு கையில் கேழ்வரகுக் கூழும் இன்னொரு கையில் மாயாவியுமாக உட்கார்ந்தேன். கதையில் மாயாவி மறைந்த அதே நேரம், என் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. அட்டையெல்லாம் கூழ்! பதறிப்போய்த் துண்டால் துடைத்தேன். ஈர அட்டை என்ன செய்யும்? சர்ரென்று கிழிந்தது.

அன்று எங்கள் வீட்டில் அரிசிச் சோறு ஆக்கியிருந்தார்கள். நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி, கிழிசலை ஒட்டினேன். ஒட்டியது அசிங்கமாகத் தெரிந்தது. என்ன செய்வது? செய்தித்தாளை மடித்து, பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவது போல அழகாக மேலுறை போட்டேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அட, அட்டையெல்லாம் போட்டுக் கொண்டாந்திருக்கியா! நீதான்டா பொறுப்பானவன்" என்றான்.

அந்தப் பாராட்டு என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலம் போனது. ஒருநாள் அவன் அந்த மேலுறையைப் பிரித்திருக்கிறான். சோற்றுப் பசையைத் தேடி வந்த இராமபாணப் பூச்சிகள், ஒட்டிய இடம் முழுக்கச் சல்லடையாக்கியிருந்தன. மாயாவியின் முகமே இல்லை!

"கிழிச்சதுக்காகக் கோபம் இல்லடா. மறைச்சதுக்காகத்தான்" என்றான். அவ்வளவுதான். முழுப் பரீட்சை முடியும் வரை அவன் என்னோடு பேசவில்லை.

அன்றே சொல்லியிருந்தால் அந்தக் கிழிசல் ஒரு சின்னக் குறையாகவே இருந்திருக்கும். மறைத்ததால் புத்தகமும் போனது, நட்பும் போகப் பார்த்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி இதே இடத்துக்கு வருவோம்.

அரை மார்க்குக்கு ஐந்து லட்சம் டாலர்!

அமெரிக்காவில் பழைய காமிக்ஸுக்கு மார்க் போடுவது ஒரு பெரிய தொழில். 1970-ல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய காமிக்ஸுக்கான விலைக் கையேட்டை வெளியிட்டார். பிறகு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் வழக்கம் நிலைத்தது. கடையிலிருந்து இப்போதுதான் வந்தது போலக் குறையே இல்லாமல் இருந்தால் 10. கந்தலாகி உருக்குலைந்து போயிருந்தால் 0.5. 2000-ம் ஆண்டில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் தொடங்கியது. அங்கே நிபுணர்கள் புத்தகத்தை ஆராய்ந்து, மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடித் தருகிறார்கள்.

ஒரு மார்க்கில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? கேளுங்கள்.

சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய புத்தகம் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ். 1938 ஜூன் இதழ். அன்றைய விலை 10 சென்ட். 2010 பிப்ரவரியில், 8 மார்க் வாங்கிய ஒரு பிரதி 10 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த மாதமே 8.5 மார்க் வாங்கிய இன்னொரு பிரதி 15 லட்சம் டாலருக்குப் போனது. வித்தியாசம் அரை மார்க்தான்! அந்தப் பிரதி ஒரு பழைய சினிமாப் பத்திரிகைக்குள் பல வருடங்கள் பத்திரமாக இருந்ததாம். 2014-ல் 9 மார்க் பிரதி ஒன்று 32 லட்சம் டாலரைத் தாண்டியது.

இன்னொரு கதையும் உண்டு. 2013-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவர் பத்தாயிரம் டாலருக்குச் சற்று அதிகம் கொடுத்து ஒரு பழைய வீட்டை வாங்கினார். சுவரை இடித்தபோது, குளிர் தாங்குவதற்காக உள்ளே திணித்திருந்த பழைய காகிதங்களுக்கு நடுவே இதே சூப்பர்மேன் புத்தகம்! வீட்டில் ஒரே பரபரப்பு. உறவினர் ஒருவர் அதைப் பிடித்து இழுக்க, பின்னட்டை கிழிந்துபோனது. மார்க் 1.5 தான் கிடைத்தது. அப்படியும் 1,75,000 டாலருக்கு விற்றது. கிழியாமல் இருந்தால் இன்னும் ஏறக்குறைய 75,000 டாலர் கிடைத்திருக்கும் என்று செய்திகளில் வந்தது. ஒரே ஒரு இழுப்புக்கு எவ்வளவு நஷ்டம் பார்த்தீர்களா?

நம் ஊரில் இப்படி மார்க் போட்டுத் தரும் நிறுவனத்தைத் தேடி அலைய வேண்டாம். நமக்குக் கண், மூக்கு, காது, விரல் நான்கும் இருக்கின்றனவே. அவை போதும்!

கண்ணால் பாருங்கள்

முதலில் புத்தகத்தை மேசைமேல் படுக்க வையுங்கள். உடனே திறக்க வேண்டாம். முன்னட்டையைப் பாருங்கள். நிறம் வெளுத்திருக்கிறதா? கடை வாசலில் வெயிலில் தொங்கிய புத்தகத்தில் முதலில் சிவப்பும் மஞ்சளும் மங்கும். நாலு மூலைகளையும் பாருங்கள். மூலை மடங்கி உடைந்திருந்தால் அங்கே வெள்ளைக் கோடு தெரியும்.

அடுத்து முதுகு. புத்தகத்தின் மடிப்புப் பக்கத்தைத்தான் முதுகு என்கிறோம். அதிகமாகப் படித்த புத்தகத்தின் முதுகில் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் விழுந்திருக்கும். பின்பக்கமாக மடக்கிப் பிடித்துப் படிக்கும் கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிப் படித்த புத்தகத்தின் முதுகு உருண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

பிறகு பின்கள். இரும்புப் பின் துருப்பிடித்தால் சுற்றியுள்ள தாளும் பழுப்பாகி உளுத்துப்போகும். தொட்டாலே நடுத்தாள் கழன்று வரும். இன்னொன்றையும் பாருங்கள். பின் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேறு இரண்டு பழைய ஓட்டைகள் தெரிகின்றனவா? அப்படியானால் யாரோ பின்னைக் கழற்றி மறுபடி அடித்திருக்கிறார்கள். வேறொரு புத்தகத்தின் அட்டையைக்கூட இதற்கு மாட்டியிருக்கலாம். உஷார்!

முக்கியமான ஒன்று. உள்தாள் எல்லாம் பழுப்பாக இருக்க, அட்டை மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், அது நகல் எடுத்துப் போட்ட அட்டையாக இருக்கலாம். அட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய அட்டை என்றால் உள்பக்கமும் வயதாகியிருக்கும். அந்தக் காலத்து விளம்பரமோ அறிவிப்போ அங்கே அச்சாகியிருக்கலாம். அங்கே வெறும் வெள்ளை என்றால் கேள்வி கேளுங்கள்.

மூக்கால் முகருங்கள், காதால் கேளுங்கள்

பழைய புத்தகத்துக்கு இனிப்பு கலந்த ஒரு வாசனை உண்டு. மரக்கூழில் 'லிக்னின்' என்ற பொருள் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டு அது சிதையும்போதுதான் தாள் மஞ்சளாகிறது. அந்த வாசனையிலும் அதற்குப் பங்கு உண்டு. இது வயதின் வாசனை. பயப்பட வேண்டாம்.

ஆனால் நனைந்த கோணிப்பை மாதிரி முடை நாற்றம் அடித்தால், அது பூஞ்சணம். அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். வீட்டிலுள்ள நல்ல புத்தகங்களுக்கும் அது பரவிவிடும். சிலருக்குத் தும்மலும் இழுப்பும் வரும். முகரும்போது மூக்கை ஒட்டி வைக்காமல், சற்றுத் தள்ளியே முகருங்கள்.

பக்கத்தை மெதுவாகப் புரட்டும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். மெல்லிய சலசலப்பு என்றால் தாளில் இன்னும் உயிர் இருக்கிறது. அப்பளம் நொறுங்குவது போல் 'கறுக்' என்று கேட்டால், தாள் முறுகிவிட்டது என்று பொருள். அதை எத்தனை முறை திறக்கிறீர்களோ அத்தனை முறை தூள் கொட்டும்.

விரலால் எண்ணுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அட்டை அழகாக இருக்கிறது என்று வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் வில்லன் யார் என்று சொல்லும் பக்கமே இருக்காது! நானே ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் 'முற்றும்' இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, நடுப்பக்கத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை அந்தக் கதையின் நடுவில் எனக்கு ஒரு பெரிய பள்ளம்தான்!

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. நடுவில் பின் அடித்த புத்தகத்தில், ஒவ்வொரு தாளும் மடித்து வைத்ததுதான். ஒரு மடித்த தாளில் நான்கு பக்கங்கள். உங்கள் புத்தகத்தில் 64 பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், 65. ஒரே தாளின் ஒரே முகத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் எப்போதும் 65 வரும்!

5-ம் பக்கத்துக்கு ஜோடி எது? 65-லிருந்து 5 போனால் 60. ஆறாம் பக்கத்துக்கு ஜோடி 59. ஆக 5, 6, 59, 60 நான்கும் ஒரே தாள். 5, 6 உள்ள பாதியை யாராவது கிழித்திருந்தால், 59, 60 உள்ள பாதிக்கும் பிடிமானம் போய் ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே எந்த இடத்தில் தாள் ஆடுகிறதோ, அதன் ஜோடியைப் போய்ப் பாருங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குப் பக்க எண் போட்டு இதைச் செய்து பாருங்கள். கணக்கு வாத்தியாரும் மகிழ்வார்.

அச்சான எண்கள் அட்டையையும் சேர்த்து ஆரம்பிக்கின்றனவா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சரியாக நடுவில் இருக்கும் தாளின் இரண்டு எண்களைக் கூட்டினால் விடை தெரிந்துவிடும்.

வெட்டும் ஒட்டும்

எங்கள் காலத்துப் பிள்ளைகள் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டுவோம். போட்டிக் கூப்பனைக் கத்தரித்துத் தபாலில் அனுப்புவோம். குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் நிரப்புவோம். வில்லனுக்கு மீசை வரைவோம். இவையெல்லாம் இன்று குறைகள். கூப்பனை வெட்டினால் அதன் பின்பக்கத்துக் கதைப் படமும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

வாடகை நூல் நிலையங்களின் ரப்பர் முத்திரையையும் பல புத்தகங்களில் பார்க்கலாம். நாள் வாடகைக்குப் படித்த காலத்தின் அடையாளம் அது. மார்க் குறையும்தான். ஆனால் எந்த ஊர் நூல் நிலையம் என்று படித்துப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிலர் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களைச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்திருப்பார்கள். தொலையாமல் இருக்க நல்ல வழிதான். ஆனால் பைண்டிங் செய்பவர் ஓரத்தைச் சமமாக வெட்டும்போது, மேல்வரியில் உள்ள வசனத்தின் தலையும் சேர்ந்து போய்விடும். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் நாலு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

செல்லோ டேப் ஒட்டிய புத்தகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒட்டியவர் நல்ல எண்ணத்தில்தான் ஒட்டியிருப்பார். ஆனால் நாளடைவில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் தாளில் ஊறி மஞ்சள் பட்டையாக நிற்கும். அதை எடுக்கவே முடியாது. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கிழிசலைக் கிழிசலாகவே விட்டுவிடுங்கள். டேப்பும் வேண்டாம், சோற்றுப் பருக்கையும் வேண்டவே வேண்டாம்!

முதல் பதிப்பா, மறுபதிப்பா?

புகழ்பெற்ற கதைகள் பலமுறை வந்திருக்கின்றன. முத்து காமிக்ஸில் வந்த பழைய கதைகள் பின்னாளில் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் மறுபதிப்பாக வெளிவந்தன. படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மறுபதிப்புதான் நல்லது. விலை குறைவு, தாளும் உறுதி. ஆனால் மறுபதிப்பை முதல் பதிப்பு என்று சொல்லி யாராவது அதிக விலை கேட்டால்? வெளியான மாதம், வருடம், இதழ் எண், அட்டை விலை நான்கையும் பாருங்கள். 1970-களில் வந்ததாகச் சொல்லும் புத்தகத்தில் பத்து ரூபாய் விலை போட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டாமா? விலை மேல் காகிதம் ஒட்டி மறைத்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

மார்க் போடுவோமா?

இது நான் வீட்டில் வைத்திருக்கும் அளவுகோல். பத்து மார்க்கில் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

முதுகில் கோடுகள், மூலை மடிப்பு: அரை மார்க் குறையுங்கள்.
நகம் அளவு கிழிசல்: 1 மார்க்.
பெயர், முத்திரை, பேனாக் கிறுக்கல்: 1 மார்க்.
துருப்பிடித்த பின்: 1 மார்க்.
தண்ணீர்க் கறை, எண்ணெய்க் கறை: 2 மார்க்.
செல்லோ டேப்: 2 மார்க்.
அட்டை தனியாகக் கழன்றிருந்தால்: 2 மார்க்.
கதைப் பக்கம் ஒன்று இல்லாவிட்டால்: மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் 2 மார்க்குக்கு மேல் கிடையாது.

ஓர் உதாரணம். உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் ஒரு பையனின் பெயர் எழுதியிருக்கிறது (1). பின் துரு (1). ஓரத்தில் நகம் அளவு கிழிசல் (1). அதன்மேல் டேப் (2). மொத்தம் 5 குறைந்தது. மீதி 5. பாஸ் மார்க்தான்! படிக்க வாங்கலாம். ஆனால் 'புத்தம் புதுசு' விலைக்கு வாங்கக் கூடாது.

அலைபேசியில் படத்தைக் காட்டி விற்கிறவர்களும் இன்று உண்டு. முன்னட்டைப் படம் மட்டும் போதாது. முதுகு, பின்னட்டை, நடுப்பக்கம், கடைசிப் பக்கம் நான்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்பா, அம்மாவுக்குத் தெரியாமல் யாருக்கும் பணம் அனுப்பக் கூடாது. முன்பின் தெரியாதவரைச் சந்திக்கத் தனியாகப் போகவும் கூடாது. இதில் மட்டும் வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு!

பத்திரமாக வைப்பது எப்படி?

கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். கூழ், முறுக்கு, மாங்காய் எல்லாம் காமிக்ஸைத் தூர வைத்த பிறகுதான். புத்தகத்தை ஒவ்வொன்றாகத் தெளிவான உறையில் போட்டு, வளையாமல் இருக்கப் பின்னால் ஒரு கெட்டி அட்டை வையுங்கள். தரையிலோ, சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். கரையான் வரும் வழி அதுதான். காய்ந்த வேப்பிலையையும் வசம்பையும் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம். பக்கங்களுக்கு நடுவில் இலையை வைத்தால் கறை படியும். நம் தருமபுரியில் கோடைக்காலத்து வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஓட்டுக்கோ தகரத்துக்கோ நேர் கீழே பரணில் வைத்தால் தாள் சீக்கிரமே முறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்து எடுத்து வையுங்கள்.

ஊதா நிறச் சீட்டு

மார்க் போடும் அந்த சி.ஜி.சி. நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாதாரணப் புத்தகத்துக்கு நீல நிறச் சீட்டு வைப்பார்கள். கிழிசலை ஒட்டியோ, வெளுத்த இடத்துக்கு வண்ணம் தீட்டியோ சரிசெய்த புத்தகத்துக்கு ஊதா நிறச் சீட்டு. 'இதைச் சரிசெய்திருக்கிறார்கள், தெரிந்துகொண்டு வாங்குங்கள்' என்று அதற்கு அர்த்தம். அதைப் படித்தபோது எனக்கு என் செய்தித்தாள் மேலுறைதான் ஞாபகம் வந்தது. அன்று அதற்குப் பதிலாக ஓர் ஊதாச் சீட்டு வைத்திருக்கலாமே!

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய புத்தகக் கடையில், அதே இரும்புக்கை மாயாவி கதையைப் பார்த்தேன். கை நடுங்கியது. நான் திறப்பதற்கு முன்பே, கடையில் உட்கார்ந்திருந்த பையன் சொன்னான்: "சார், வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நடுவுல ஒரு தாள் இல்ல. பின்னும் மாத்தி அடிச்சது."

பதினைந்து வயதுகூட இருக்காது அவனுக்கு. பன்னிரண்டு வயதில் எனக்கு வராத வார்த்தை அவனுக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! பேரம் பேசாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு சீட்டில் எல்லாக் குறைகளையும் வரிசையாக எழுதினேன். ஒரு தாள் இல்லை, பின் மாற்றியது, மூலையில் எலி கடித்தது, மார்க் பத்துக்கு இரண்டு. அதைப் புத்தகத்தின் மேலேயே வைத்து, அரூரில் இருக்கும் என் பழைய தோழனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தான். புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பினான். பிறகு என்ன சொன்னான் தெரியுமா?

"பின்னட்டையில பேனாக் கோடு ஒண்ணு இருக்கு. அதை எழுதாம விட்டுட்டியே வாத்தியாரே!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். நான் பேனாவை எடுத்து, சீட்டில் அதையும் எழுதிவிட்டேன்.

குழந்தைகளே, இந்த வாரம் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். காமிக்ஸ் கிடைத்தால் மார்க் போடுங்கள். யாருக்காவது கொடுப்பதாக இருந்தாலும், விற்பதாக இருந்தாலும், குறையை முதலில் சொல்லிவிட்டு, நிறையைப் பிறகு சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். இன்று நீங்கள் படிக்கும் புத்தகத்துக்கும் ஒருநாள் ஐம்பது வயது ஆகும். அதை இன்றிலிருந்தே பத்திரமாக வையுங்கள்.

சரி, எங்கே, கையைக் கழுவிவிட்டீர்களா?